பிறந்த வீடு மெக்ஸிகோ, புகுந்த வீடு ஹாலந்து

"உன் அப்பா கட்சிக்கும் உன் புருஷன் கட்சிக்கும் பந்தயம் வந்தால் நீ யார் பக்கம் சேருவாய்?" என்று புதிதாகக் கல்யாணமான பெண்ணைச் சீண்டிப் பார்க்கிற மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெண்ணும் சிரித்துக்கொண்டே, "காபி ஆறிப் போகிறது, குடியுங்கள் மாமா" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அப்படி மழுப்ப வழியில்லாமல் போனவர் ஒருத்தியைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். 2024-ஆம் வருஷம் ஜூலை 28-ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பிறந்த தேசத்தை எதிர்த்து நின்று அவர் அம்பு தொடுக்க வேண்டியதாயிற்று.

அவர் பெயர் கப்ரியேலா ஷ்லோஸர். நெதர்லாந்தின், அதாவது நாம் ஹாலந்து என்று சொல்லிப் பழகிவிட்ட தேசத்தின், வில் வீராங்கனை. கூட இருப்பவர்கள் செல்லமாக அழைப்பது 'காபி' என்று! நம் வீடுகளில் இந்தப் பெயரை வைத்தால் காலையில் எழுந்ததும் என்ன குழப்பம் வரும் என்று நினைத்து நானும் சிரித்தேன். ஆனால் மெக்ஸிகோவில் கப்ரியேலா என்று பெயர் வைத்தால் காபி என்று அழைப்பது, நம் ஊரில் லட்சுமியை லச்சு என்று அழைக்கிற மாதிரிதான்.

மெக்ஸிகோவின் வடமேற்குக் கோடியில் டிஹுவானா என்று ஒரு நகரம். வேலிக்கு இந்தப் பக்கம் மெக்ஸிகோ, அந்தப் பக்கம் அமெரிக்கா. 1994-ஆம் வருஷம் அங்கேதான் காபி பிறந்தார். அப்போது அவர் கப்ரியேலா பயார்டோ. மெக்ஸிகோவில் பெண்களின் வில்வித்தைக்கு ஒரு மதிப்பு உண்டு. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஐடா ரோமான் வெள்ளிப் பதக்கமும் மரியானா அவிட்டியா வெண்கலமும் வாங்கினார்கள். ஒரே பந்தயத்தில் ஒரே தேசத்துப் பெண்கள் இருவர் மேடையேறினால், வில்லைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிற சிறுமிகளின் எண்ணிக்கை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2016-இல் ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக். திருவிழாவில் நடனக்காரர்கள் ஆடிப்பாடிக்கொண்டு போகிற பெரிய வீதியை அங்கே வில் மைதானமாக மாற்றியிருந்தார்கள். மெக்ஸிகோவின் மூவர் குழுவில் ஐடா ரோமான், அலெஹாந்த்ரா வலென்சியா, இவர்களோடு கப்ரியேலா பயார்டோ. குழுவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. தனிப் போட்டியில் வலென்சியா நான்காவதாக வந்து, கைக்கெட்டிய வெண்கலத்தைக் கோட்டைவிட்டார். இந்த வலென்சியாவின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் 1994-இல் பிறந்தவர். கப்ரியேலாவுக்கு ஒத்த வயது. கதையில் அவர் மறுபடியும் வருவார், அதுவும் இரண்டு தடவை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மைக் ஷ்லோஸர் என்பது அவர் பெயர். அவரும் வில்லாளிதான், அதுவும் சாமான்ய வில்லாளி அல்ல. 2013-இல் துருக்கியில் பெலெக் என்ற இடத்தில் நடந்த உலகப் போட்டியில், பத்தொன்பது வயதில் சாம்பியன் ஆனவர். 2015 ஜனவரியில் பிரான்ஸ் தேசத்தில் நீம் நகரத்தில் அவர் செய்த காரியத்தை வில் உலகம் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறது. உள்ளரங்கில் 18 மீட்டர் தூரத்தில் குறி. நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 2 சென்டிமீட்டர்தான், நம் ஒரு ரூபாய் நாணயத்தை ஒத்த அளவு. அறுபது அம்புகள் விட வேண்டும். மைக் விட்ட அறுபதும் அந்த நாணயத்துக்குள்ளே போய் விழுந்தன. 600-க்கு 600! போட்டியில் அதற்கு முன் ஒரு மனிதரும் அதைச் செய்ததில்லை. அன்று முதல் அவருக்கு 'மிஸ்டர் பெர்ஃபெக்ட்' என்று பட்டம். வீட்டில் இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் மனைவியிடம் எப்படிக் காலம் தள்ளுகிறாரோ, அது அவர்கள் பாடு.

ஆனால் பாருங்கள், இப்பேர்ப்பட்ட மிஸ்டர் பெர்ஃபெக்ட்டுக்கு ஒலிம்பிக் கதவு மூடியே இருந்தது. திறமை போதாது என்பதல்ல காரணம். வில்லின் ஜாதி வேறு. இதைச் சற்று விளக்கமாகச் சொன்னால்தான் புரியும்.

போட்டி வில்லில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ரீகர்வ். நுனிகள் முன்பக்கமாக வளைந்து, ராமர் படத்தில் பார்க்கிற வில்லுக்கு ஓரளவு உறவு கொண்டாடக்கூடியது. நாணை விரலால் இழுத்து விரலால்தான் விட வேண்டும். கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன வளையம் குறி காட்டும். பூதக் கண்ணாடி கூடாது. இன்னொன்று காம்பவுண்ட். இதன் இரண்டு முனையிலும் சக்கரங்கள் இருக்கும். இழுக்க ஆரம்பிக்கும்போது கனக்கும்; முழுக்க இழுத்து முடித்ததும் சக்கரம் புரண்டு, பாரத்தில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். குறி பார்க்க லென்ஸ் உண்டு. நாணை விடுவதற்கு விசை உண்டு. ஆகவே காம்பவுண்டில் குறி தப்பினால் மன்னிப்பே கிடையாது. ஒன்பது எடுத்தவன் தலையில் கை வைத்துக்கொள்வான். மைக் பிடித்தது இந்த வில். ஒலிம்பிக்கோ 1972-இல் வில்வித்தையை மறுபடி சேர்த்துக்கொண்ட நாள் முதல், பாரிஸ் வரைக்கும், ரீகர்வ் ஒன்றையே ஏற்றது. கப்ரியேலா பிடித்தது ரீகர்வ். ஆகவே கணவர் உலகப் புகழ் வாங்கிக்கொண்டு வீட்டிலிருக்க, மனைவி ஒலிம்பிக்குக்குப் பெட்டி கட்டினார். மனைவி ஊருக்குப் புறப்படுகிறபோது, "எனக்கு ஒரு நாலு நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்கிற புருஷன்மார்கள் இந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கலாம்.

ரீகர்வின் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். குறிப்பலகை 70 மீட்டர் தள்ளி நிற்கும். கிட்டத்தட்ட 230 அடி. பலகையின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். அதன் நடுவே பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர், ஒரு பெரிய டவராவின் வாய் அகலம். தெருக்கோடியில் ஒரு டவராவை நிறுத்திவைத்து, இந்தக் கோடியிலிருந்து அதற்குள் அம்பைச் செலுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும். நாணை முழுக்க இழுத்துப் பிடிக்க ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு, இருபது கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். இடுப்பில் ஒரு நிறைகுடம் தூக்குவதற்கு மேலான பாரம் அது. அதை மூன்று விரல்களில் தாங்க வேண்டும். அப்படித் தாங்கிக்கொண்டு மூச்சையும் மனசையும் அசையாமல் நிறுத்த வேண்டும். நாண் மோவாயையும் மூக்கையும் தொட்டுக்கொண்டு நிற்கும். வில்லில் ஒரு சின்ன உலோகப் பட்டை உண்டு. அம்பு சரியான அளவுக்குப் பின்னால் வந்ததும் அது 'க்ளிக்' என்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் விரல் விட வேண்டும். யோசித்தால் போயிற்று. தினம் சில நூறு அம்புகள் இப்படிப் பழகினால்தான் யோசனை விலகும் என்கிறார்கள்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். டிஹுவானாப் பெண்ணும் ஹாலந்துப் பிள்ளையும் ஜோடி சேர்ந்தார்கள். ரியோவுக்குப் பிறகு கப்ரியேலா ஹாலந்தில் குடியேறினார். கல்யாணம் செய்துகொண்டால் நாம் இனிஷியலை மாற்றுவோம், ரேஷன் கார்டில் பெயர் மாற்ற நாயாய் அலைவோம். அவர் கொடியையே மாற்ற வேண்டியிருந்தது. ஒலிம்பிக் சட்டப்படி, ஒரு தேசத்துக்காக விளையாடியவர் குடியுரிமை மாறி வேறு தேசத்துக்கு விளையாட விரும்பினால், பழைய தேசத்துக்காகக் கடைசியாக விளையாடிய நாளிலிருந்து மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டால் அந்தக் காலத்தைக் குறைக்கலாம். கல்யாணம் நடந்ததும் கொடி கைக்கு வந்துவிடுவதில்லை.

பெயர் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். மெக்ஸிகோவில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பெயரை மாற்றுவது வழக்கமில்லை. அப்பாவின் குடும்பப் பெயர் ஒன்று, அம்மாவின் குடும்பப் பெயர் ஒன்று, இரண்டையும் சாகும் வரை வைத்துக்கொள்வார்கள். அம்மாவின் பெயருக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பொறாமை. ஹாலந்தில் சட்டப்படி பெண்ணின் பெயர் மாறுவதில்லை. இஷ்டப்பட்டால் கணவர் பெயரை உபயோகித்துக்கொள்ளலாம். கப்ரியேலாவின் விஷயத்தில் முதலில் கொடி மாறியது. பெயர் பிறகுதான் மாறியது. 2019-இல் உலகப் போட்டி ஹாலந்தில் டென் பாஷ் நகரத்தில் நடந்தபோது, ஹாலந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவரின் பெயர் இன்னும் 'பயார்டோ' தான். ஊர் நடுவில் உள்ள பழைய சந்தைச் சதுக்கத்தில் இறுதிப் போட்டிகள். ஆணும் பெண்ணும் ஜோடியாக அம்பு விடுகிற கலப்புப் போட்டியில் ஷெஃப் வான் டென் பெர்க்குடன் சேர்ந்து இறுதிவரை வந்து, தென் கொரியாவிடம் தோற்று, வெள்ளிப் பதக்கம் வாங்கினார். புகுந்த வீட்டில் முதல் சீர்!

அந்த வீடு அந்தச் சமயத்தில் இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். ஹாலந்துக்காரர்களுக்கு வில் ஒன்றும் புதிதல்ல. பழங்காலத்தில் நகரங்களைக் காவல் காக்க வில்லாளிகளும் துப்பாக்கிக்காரர்களும் சங்கம் வைத்திருந்தார்கள். ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'இரவுக் காவல்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற சித்திரத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட ஊர்க்காவல் சங்கத்தார்தான். அவர்கள் துப்பாக்கிப் பிரிவு. ஆம்ஸ்டர்டாமில் கைவில் தெரு என்ற பெயரில் இன்னும் ஒரு தெரு இருக்கிறது. வில்லாளிகள் பழகின இடத்தில் பிற்பாடு சர்வகலாசாலையின் புஸ்தகசாலை வந்தது. 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 28 மீட்டர் தூரத்தில் நகரும் பறவைக் குறியை அடிக்கிற குழுப் போட்டியில் ஹாலந்து தங்கமே வாங்கியிருக்கிறது. (நிஜப் பறவை அல்ல, பயப்படாதீர்கள்.) அதற்கு அப்புறம் எண்பது வருஷம் ஒன்றும் இல்லை. 2000-இல் சிட்னியில் வீட்ஸ வான் ஆல்டன் வெண்கலம் கொண்டுவந்தார். 2012-இல் லண்டனில் ரிக் வான் டெர் வென் நான்காமிடம். 2016-இல் ரியோவில், மேலே சொன்ன ஷெஃப், அவரும் நான்காமிடம். ஒலிம்பிக்கில் மிகவும் கொடிய இடம் நான்காமிடம்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஐந்தாவதாக வந்தவன் நிம்மதியாகத் தூங்குவான். இந்த வரிசையில் எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஹாலந்துப் பெண் யாரும் வில்லில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியதே கிடையாது.

கொள்ளை நோயால் ஒரு வருஷம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தது. ரசிகர்கள் இல்லாத வெற்று ஆசனங்கள். யுமெனோஷிமா பூங்காவில் வில் மைதானம். ஜூலை 24, சனிக்கிழமை. ஒலிம்பிக்கில் ஆண், பெண் கலப்பு ஜோடிப் போட்டி அப்போதுதான் முதல் தடவை. ஒவ்வொரு செட்டிலும் ஜோடிக்கு நான்கு அம்பு, ஆளுக்கு இரண்டு. செட்டை ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமமானால் ஆளுக்கொன்று. ஐந்து புள்ளி முதலில் எடுத்தவர்களுக்கு வெற்றி.

நம்மவர்களுக்கும் அன்று பெரிய ஆசை இருந்தது. தீபிகா குமாரியும் அவர் கணவர் அதானு தாஸும் ஜோடியாக நின்று பதக்கம் வாங்குவார்கள் என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆனால் தகுதிச் சுற்றில் அதானுவைவிடப் பிரவீண் ஜாதவ் அதிகப் புள்ளி எடுக்கவே, மனைவிக்குப் பக்கத்தில் ஜாதவ் நின்றார். கால் இறுதியில் தென் கொரியாவிடம் தோற்றார்கள்.

அந்தக் கொரிய ஜோடி ஆன் சான் என்ற இருபது வயதுப் பெண்ணும், கிம் ஜே டியோக் என்ற பதினேழு வயதுப் பையனும். அரை இறுதியில் ஒருவரின் அம்பு பலகையில் குத்தி நிற்க, மற்றவர் விட்ட அம்பு அதன் பின்புறத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போயிற்று. இதெல்லாம் சினிமாவில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அந்த அரை இறுதியில் அவர்களிடம் தோற்றது யார் தெரியுமா? மெக்ஸிகோ. வில் பிடித்தவர் அலெஹாந்த்ரா வலென்சியா, கூட லூயிஸ் அல்வாரெஸ். மற்றொரு அரை இறுதியில் துருக்கியை ஜெயித்துக்கொண்டு ஹாலந்து வந்தது. ஸ்டீவ் வைலருக்குப் பக்கத்தில் நம் கப்ரியேலா. இப்போது பலகையில் 'ஷ்லோஸர்' என்று பெயர்.

இறுதிப் போட்டியின் முதல் செட்டில் ஹாலந்து 38, கொரியா 35. கொரியாக்காரர்களை வில்லில் முந்துவது என்பது, நம் பாட்டியிடம் ஊறுகாய்ப் பந்தயம் கட்டுகிற மாதிரி. நடக்காது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் செட் நடந்துவிட்டது. இரண்டாவது செட்டில் ஒரே ஒரு புள்ளி குறைந்து 36-க்கு 37 என்று போயிற்று. மூன்றாவதில்தான் சரிவு: 33-க்கு 36. நான்காவது செட்டில் இரு பக்கமும் 39! நாற்பதுக்கு முப்பத்தொன்பது எடுத்தும் அது போதவில்லை. 5-3 என்று கொரியா தங்கத்தை எடுத்துக்கொண்டது. ஆன் சான் அந்த ஒலிம்பிக்கிலேயே மூன்று தங்கம் வாங்கினார் என்பதால், தோற்றவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மெக்ஸிகோ துருக்கியை ஜெயித்தது. ஆகவே மேடையில் மூன்று ஜோடிகள். நோய்க் கட்டுப்பாட்டால் பதக்கத்தை யாரும் கழுத்தில் மாட்டவில்லை. தட்டில் வைத்து நீட்டினார்கள், அவரவர் எடுத்து அணிந்துகொண்டார்கள். வெள்ளிப் படியில் ஹாலந்துச் சட்டையில் கப்ரியேலா. வெண்கலப் படியில் மெக்ஸிகோச் சட்டையில் அலெஹாந்த்ரா. ஐந்து வருஷத்துக்கு முன் ரியோவில் ஒரே சட்டையில், ஒரே கோட்டில், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக அம்பு விட்ட இரண்டு பெண்கள்! நடுவில் ஏறிய கொடி கொரியாவினுடையது. அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தியின் கொடி, அந்தப் பக்கம் இன்னொருத்தியின் கொடி.

ஒலிம்பிக்கில் வில்லுக்குப் பதக்கம் வாங்கிய முதல் ஹாலந்துப் பெண் இப்படி டிஹுவானாவில் பிறந்தவராக இருந்தார்.

இதில் முணுமுணுப்பவர்களும் இருப்பார்கள். "பயிற்சி கொடுத்து ஆளாக்கியது ஒரு தேசம், பதக்கம் இன்னொரு தேசத்துக்கா?" என்பது கேள்வி. நியாயமில்லாத கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். பணத்துக்காகக் கொடி மாற்றுகிறவர்களும் விளையாட்டு உலகில் உண்டு; அந்தக் கேள்வி அவர்களிடம் கேட்கப்பட வேண்டியதே. ஆனால் ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டு கணவன் ஊருக்கு வந்து குடித்தனம் நடத்தினால், அவள் தொழிலை அந்த ஊரிலேதானே நடத்த முடியும்? டாக்டர் படித்த பெண் புகுந்த ஊரில் வைத்தியம் பார்த்தால் பிறந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணமானதும் வில்லை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டிருந்தால், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் தெருவில் எத்தனை வீட்டுப் பரண்களில் வீணையும் டென்னிஸ் மட்டையும் தூங்குகின்றன, அவற்றைப் பற்றி யார் முணுமுணுத்தார்கள்?

இனி பாரிஸ். 2024 ஒலிம்பிக்கில் ஹாலந்துப் பெண்கள் குழுவில் மூவர்: லாரா வான் டெர் விங்கல், குவின்டி ரூஃபன், காபி ஷ்லோஸர். நெப்போலியன் அடக்கமாகியிருக்கிற இன்வாலிட் மாளிகையின் முன்புறப் புல்வெளியில் போட்டி. ஜூலை 28-ஆம் தேதி கால் இறுதியில் அவர்களுக்கு எதிராக நின்றது யார்? நாம்தான். தீபிகா குமாரி, அங்கிதா பகத், பஜன் கௌர். தீபிகா ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் செட்டில் 51-க்கு 52, ஒரே புள்ளி. அடுத்தது 49-க்கு 54. பிறகு 48-க்கு 53. ஆறுக்குப் பூஜ்யம் என்று நம் பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்று காபியின் மேல் எனக்கும் கொஞ்சம் கோபம் வந்தது, மறைப்பானேன்? அப்புறம் தனிப் போட்டியில் ரூஃபனைத் தீபிகா 6-2 என்று ஜெயித்தபோது கோபம் தணிந்தது.

அன்றே அரை இறுதி. எதிரே கொரியா. ஒலிம்பிக் மகளிர் குழுப் போட்டியில் 1988 முதல் யாரிடமும் தங்கத்தைக் கொடுக்காத தேசம். ஹாலந்துக்காரிகள் இரண்டாவது செட்டையும் மூன்றாவது செட்டையும் ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்தில் பறித்துவிட்டார்கள்! நான்கு செட் முடிந்து நாலுக்கு நாலு. ஆளுக்கு ஓர் அம்பு விட்டுத் தீர்க்க வேண்டிய நிலைமை. அதில் கொரியா பிழைத்துக்கொண்டது; பிறகு பத்தாவது தடவையாகத் தங்கமும் வாங்கியது. கொரியாவை இவ்வளவு கிட்டத்தில் மிரட்டிவிட்டு, ஹாலந்துப் பெண்கள் வெண்கல ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

எதிரே மெக்ஸிகோ. கோட்டில் அலெஹாந்த்ரா வலென்சியா. கூட அனா வாஸ்கெஸ், ஆங்கெலா ரூயிஸ் என்ற இரண்டு இளம் பெண்கள். எட்டு வருஷத்துக்கு முன் மெக்ஸிகோ வரிசையில் கப்ரியேலா நின்றிருந்த இடத்தில், இப்போது வேறொருத்தி நிற்கிறாள். ஒரு கொரிய அடியை வாங்கிக்கொண்டு வந்த கைகள் மறுபடி நாணை இழுக்க வேண்டும். 6-2 என்று மெக்ஸிகோ ஜெயித்தது. பெண்கள் குழுப் போட்டியில் மெக்ஸிகோவுக்கு ஒலிம்பிக்கில் அதுதான் முதல் பதக்கம். 2016-இல் கப்ரியேலாவும் சேர்ந்து தேடிப்போய்க் கிடைக்காமல் வந்தது. ஹாலந்துக்கு வந்ததோ அந்தப் பழைய நான்காமிடம்!

பிறந்த வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடுகிற அன்று புகுந்த வீட்டில் சோகம் என்றால், அந்த வீட்டு மருமகள் எந்த முகத்தை வைத்துக்கொள்வாள்? இதைச் சினிமாக் கதையாக எழுதினால் மூன்று பாட்டும் ஒரு மயக்கமும் வைத்துவிடுவார்கள். வில் மைதானத்தில் அதற்கு நேரம் கிடையாது. தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அம்பறாத்தூணியைக் கழற்றி வைக்க வேண்டும். நாளைக்கு மறுநாள் தனிப் போட்டி இருக்கிறது.

மிஸ்டர் பெர்ஃபெக்ட்டை மறந்துவிடவில்லை. 2025 ஏப்ரலில் ஒலிம்பிக் கமிட்டி ஒரு தீர்மானம் செய்தது. 2028-இல் நடக்கப்போகிற ஒலிம்பிக்கில் முதல் முறையாகக் காம்பவுண்ட் வில்லையும் சேர்த்துக்கொள்வது என்று. அதுவும் ஆண், பெண் கலப்பு ஜோடியாக மட்டும். அந்தச் சக்கர வில்லுக்கு மூடியிருந்த கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. மைக் ஷ்லோஸர் அதில் நுழைவாரா என்பதை அவர் வில் சொல்ல வேண்டும். தகுதி பெறுவதே பெரிய பாடு.

அந்த 2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸில். அங்கிருந்து தெற்கே காரில் புறப்பட்டால், இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் போனதும் தேச எல்லை வேலி. வேலியைத் தாண்டினால் டிஹுவானா, மாமியார் வீடு!